இறக்கி வைக்க இடமில்லாத காவடி

வேலும் மயிலும் துணை.

வழக்கமாக இங்கே சஷ்டி விரதம், கோயில் பயணம், திருப்புகழ் என்றுதான் பேசுவோம். இன்று நான் எழுதப்போவது அட்டைப்பெட்டியைப் பற்றி. சிரிக்காதீங்க. கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் சொல்லுங்க.

எங்கள் வீடு பத்மநாபபுரம் கோட்டைக்குள்ளே இருக்கிறது. அரண்மனைக்கும் நீலகண்டசாமி கோயிலுக்கும் நடந்தே போய்விடலாம். பழைய ஓட்டு வீடு. தெருவைப் பார்த்து படிப்புரை, உள்ளே அரங்கு, பின்னால் அடுக்களை. அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அக்காவைக் கட்டிக்கொடுத்தாச்சு. இப்போது நானும் அம்மாவும் மட்டும்தான். நான் தக்கலையில் ஒரு ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன்.

போன கார்த்திகை மாசத் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் அம்மா விளக்கு ஏற்ற எண்ணெய்க் கிண்ணத்தோடு படிப்புரைக்கு வந்தார். கரண்ட் போயிருந்தது. படிப்புரையில் மூன்று பெட்டிகள் கிடந்தன. வந்து ஒன்பது நாள் ஆகியும் நான் பிரிக்கவில்லை. "நாளைக்குப் பிரிக்கலாம்" என்று தினமும் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். அம்மாவுக்குத் தாண்டத் தெரியவில்லை. கால் தட்டி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து ராத்திரி திரும்பி வந்த பிறகுதான் அந்தப் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே இருந்தது, அம்மாவின் முட்டுவலிக்கு என்று நான் ஆர்டர் போட்ட கால் மசாஜ் மெஷின்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "போட்டும் மக்கா, வெளக்கு கீழ விழல்ல" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

கணக்குப் பார்த்த ராத்திரி

தூக்கம் வராததால் போனை எடுத்தேன். இந்த முறை வாங்க அல்ல. அந்த வருஷம் ஜனவரியிலிருந்து அதுவரைக்கும் என்னென்ன வாங்கினேன் என்று பார்க்க. கணக்கு பார்க்கிறவன் ஆச்சே, ஒரு நோட்டில் நாலு பத்தி கோடு போட்டு எழுதினேன்.

மொத்தம் 137 ஆர்டர். தினமும் பயன்படுவது 41. எப்போதாவது எடுப்பது 38. ஒரே ஒரு தடவை தொட்டது 35. பிரிக்கவே பிரிக்காதது 23. அந்த 23-இல் இரண்டு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே ஞாபகம் இல்லை. ஆர்டர் போட்டதும் வரும் மெசேஜின் நேரத்தைப் பார்த்தேன். 93 ஆர்டர் ராத்திரி 10 மணிக்கு மேல் போட்டது. அதாவது வேலை முடிஞ்சு, சாப்பிட்டு, அம்மா படுத்த பிறகு, தனியாகக் கிடந்து போனைத் தள்ளிக்கொண்டிருக்கும் நேரம். எனக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது பொருள்தானா? எனக்கே சந்தேகம் வந்தது.

அப்புறம் இன்னொரு கணக்கு. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இங்கே படிக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது இது பொருந்தும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன். எங்கள் பூஜை அறையில் வேல் மட்டும் 11 இருந்தது. ஒன்று அப்பா திருச்செந்தூரில் வாங்கின பித்தளை வேல். மீதி பத்தும் நான் ஆன்லைனில் வாங்கினவை. கல் வைத்தது, தாங்கியோடு வந்தது, கார் டேஷ்போர்டில் ஒட்டுவது (என்னிடம் கார் கிடையாது), "இன்று மட்டும்" என்று போட்டிருந்தது, சஷ்டிக்கு வந்தது, தைப்பூசத்துக்கு வந்தது. இது போக ஏழு சின்ன முருகன் சிலை. அம்மா தினமும் பூ வைப்பது அப்பாவின் வேலுக்கு மட்டும். மீதி பத்தின் மேல் தூசி.

சரி, இதில் என்ன தப்பு? என் காசு, என் வீடு, யாரையும் ஏமாற்றவில்லை, முருகன் சாமானைத்தானே வாங்கினேன். இந்தக் கேள்வியை ஏமாற்றாமல் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்

வீட்டு வாசலுக்குப் பொருள் வருவதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். அப்பா படுக்கையில் கிடந்த கடைசி ஐந்து மாதம், அவருக்கு வேண்டிய டயப்பரும் படுக்கைப் புண்ணுக்கான காற்று மெத்தையும் பார்சலில்தான் வந்தன. அதுக்காக நாகர்கோவிலுக்கும் வீட்டுக்கும் ஓடியிருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த நேரமெல்லாம் எனக்குக் கிடைத்திருக்காது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே கிடைக்காத புத்தகம் மூன்று நாளில் வருகிறது. நடக்க முடியாத ஒரு பாட்டிக்கு அரிசி வாசலுக்கே வருகிறது. இதையெல்லாம் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும்.

அதே மாதிரி, "முருகன் பழனியில் எல்லாத்தையும் விட்டுட்டு ஆண்டியா நிக்கிறான், நீயும் விடு" என்று சொல்வதும் எனக்கு அரைகுறையாகத்தான் படுகிறது. அதே பழனியில் அதே முருகனுக்கு ராஜ அலங்காரமும் உண்டு. ஆண்டிக் கோலமும் அவன்தான், ராஜாவும் அவன்தான். நான் அதில் பார்ப்பது ஒன்றுதான்: கிரீடத்தைச் சாத்துகிறார்கள், நேரம் ஆனதும் களைகிறார்கள். சாத்தவும் தெரியும், களையவும் தெரியும். நமக்குச் சாத்த மட்டும்தான் தெரிகிறது.

திருவள்ளுவர் இதைப் பிரித்து வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். ஆசையையே வேரோடு அறுக்கச் சொல்லும் 'அவா அறுத்தல்' 37-ஆவது அதிகாரம். அது துறவறவியலில், துறவிக்குச் சொன்னது. குடும்பஸ்தனுக்கான இல்லறவியலில் அவர் வைத்திருப்பது 'வெஃகாமை', பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை. அதோடு 'ஈகை'யும் அங்கேதான் இருக்கிறது. வீட்டில் வாழ்கிறவனிடம் "எதையும் வைத்துக்கொள்ளாதே" என்று அவர் கேட்கவில்லை. அடுத்தவனுடையதைப் பறிக்காதே, உன்னிடம் இருப்பதைக் கொடு என்கிறார். அப்படிப் பார்த்தால் நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். நான் யார் பொருளையும் பறிக்கவில்லையே!

தப்பிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இது யாருடைய ஆசை?

ராத்திரி 10 மணிக்கு மேல் போட்ட அந்த 93 ஆர்டரில் பலவற்றை நான் தேடிப் போகவே இல்லை. அவை என்னைத் தேடி வந்தன. "இன்னும் 2 தான் பாக்கி." "இந்த விலை 14 நிமிஷத்தில் முடியும்." "வேண்டாம், நான் அதிக விலை கொடுத்தே வாங்கிக்கிறேன்" என்று நம் வாயாலேயே சொல்ல வைக்கும் ஒரு பட்டன்.

இதெல்லாம் தற்செயல் இல்லை. 2023 நவம்பரில் நம் நாட்டின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி 13 உத்திகளைப் பட்டியல் போட்டு, 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் சொல்லித் தடுத்து வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. பொய்யாக அவசரம் காட்டுவது, நாம் கேட்காத பொருளைக் கூடையில் நுழைத்துவிடுவது, வேண்டாம் என்றால் கூச்சப்பட வைப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அரசாங்கம் விதி போடும் அளவுக்கு இது ஒரு தொழில்நுட்பமாக வளர்ந்திருக்கிறது.

அப்படியானால் அந்த ஆசை என்னுடையதா? நான் என் இஷ்டப்படி வாங்கினேன் என்று சொல்கிறேனே, அந்த இஷ்டத்தை என் தலைக்குள் வைத்தது யார்? பசி என்னுடையது. தாகம் என்னுடையது. அம்மாவுக்கு முட்டு வலிக்கிறதே என்ற கவலை என்னுடையது. ஆனால் அந்தக் கவலை "மசாஜ் மெஷின், 62 சதவீதம் தள்ளுபடி" என்று மாறினது எங்கேயோ நடுவழியில். கவலைக்கு நேரான மருந்து அம்மாவிடம் போய், "முட்டு எங்கேம்மா வலிக்கி?" என்று கேட்டு, எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவது. அதற்கு அரைமணி நேரம் ஆகும். ஆர்டர் போட அரை நிமிஷம். நான் அரை நிமிஷத்தில் மகனுடைய கடமையை முடித்துவிட்டேன். பெட்டி வந்ததும் பிரிக்கக்கூட இல்லையே, ஏன்? ஆர்டர் போட்ட உடனேயே என் மனசுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பெட்டி அதற்குப் பிறகு வந்த குப்பை.

வேலும் அப்படித்தான். ஒவ்வொரு வேலும் வாங்கும்போது உண்மையிலேயே எனக்குப் பக்தி வந்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்தி "வாங்கு" என்பதை அமுக்கின உடனே தீர்ந்துபோனது. விளக்கு முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் தீராமல் இருந்திருக்கும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய கோயில் மரத்தடியில் பார்த்திருப்பீர்கள்: கண்ணாடி உடைந்த சாமி படம், சாயம் போன சிலை, பழைய காலண்டர் முருகன் எல்லாம் குவிந்து கிடக்கும். வீட்டில் வைக்கவும் முடியவில்லை, குப்பையில் போடவும் பயம். அதனால் யாருக்கும் தெரியாமல் மரத்தடியில் விட்டுவிட்டுப் போகிறோம். ஆசையாய் வாங்கி வீட்டுக்குக் கூட்டிவந்த சாமியை அனாதையாய் விடுகிற வேலை அது. நானும் ஒரு தடவை விட்டிருக்கிறேன்.

இதை யார் சுமக்கிறார்கள்?

எங்கள் தெருவுக்குப் பார்சல் கொண்டுவரும் தம்பி டிகிரி முடித்தவன். பைக்கின் பின்னால் அவன் முதுகைவிடப் பெரிய பை. முன்னால் கால் வைக்கும் இடத்திலும் பெட்டி. ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஐப்பசி மழையில் ஒரு நாள் நனைந்துகொண்டே வந்து நின்றான். நான் வாங்கியிருந்தது ஒரு சட்டை. கலர் போனில் பார்த்த மாதிரி இல்லை. வாசலிலேயே "வேண்டாம், திருப்பி எடுத்துக்க" என்றேன்.

அம்மா விழுந்த பிறகு வந்தவன், கட்டைப் பார்த்து விசாரித்தான். நான் நடந்ததைச் சொல்லி, "இனிமே வாங்குகதைக் குறைக்கணும், ஆனா எல்லாரும் அப்படிக் குறைச்சா ஒனக்கு வேலை போயிருமே?" என்றேன். பெரிய தர்மசங்கடம் போல முகத்தை வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

அவன் சிரித்தான். "அண்ணா, வாங்குகதும் வாங்காததும் உங்க இஷ்டம். வேண்டாம்னா முன்னாலயே கேன்சல் பண்ணிருங்க. வாசல்ல வச்சு வேண்டாம்னா அந்தப் பெட்டி எனக்க பையிலதான் திரும்பி வரணும்லா. அப்புறம், வீட்ல இருந்துக்கிட்டே இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க."

நான் அவனுடைய வேலையைக் காப்பாற்றுவதற்காக ஷாப்பிங் பண்ணுகிற தர்மவான் மாதிரி பேசினேன். அவன் கேட்டது அதை இல்லை. கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் நேர்மை. அவ்வளவுதான். நம் ஆசைக்கு அவன் பிழைப்பைச் சாக்காகச் சொல்லுவது நியாயமில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நாடு முழுக்க இப்படி வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்? பார்சல், சாப்பாடு, டாக்சி எல்லாம் சேர்த்து இந்த மாதிரி வேலையில் 2020-21-இல் 77 லட்சம் பேர் இருந்ததாகவும், 2029-30-இல் அது 2.35 கோடி ஆகும் என்றும் நிதி ஆயோக் 2022-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. தமிழ்நாட்டில் இவர்களுக்காக 2023-இல் தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. அது அவர்களுக்கு உரிமையாக வரவேண்டியது. நான் ராத்திரி பதினொன்றரைக்கு வாங்கும் பன்னிரண்டாவது வேலால் வரவேண்டியது இல்லை.

இங்கேதான் வெஃகாமை மறுபடி வந்து என்னைப் பிடித்தது. நான் யார் பொருளையும் பறிக்கவில்லை, சரி. ஆனால் "இன்றைக்கே வேண்டும்" என்று நான் அமுக்கும்போது இன்னொருவனுடைய மழை நேரத்தை, முதுகை, அவன் வீட்டுக்குப் போகும் நேரத்தை எடுத்துக்கொள்கிறேன். அவசரமான மருந்து என்றால் அந்தப் பாரத்துக்கு அர்த்தம் உண்டு. போன் ஸ்டாண்டுக்கு?

எங்கள் ஊரில் வருஷாவருஷம் ஒரு பயணம் நடக்கும். நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து தேவாரக்கெட்டு சரஸ்வதி அம்மனும், வேளிமலை குமாரசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். அரண்மனை உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாறும். அம்மன் யானை மேல், மற்ற இருவரும் பல்லக்கில். குழித்துறையில் ஒரு ராத்திரி, நெய்யாற்றின்கரையில் ஒரு ராத்திரி, மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்வார்கள். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துப் பாதை. நம் முருகன் மூன்று நாள் போகிறான். வழியெல்லாம் ஜனங்கள் விளக்கு வைத்துக் காத்திருக்கிறார்கள். காத்திருப்பதே ஒரு மரியாதை. நான் ஒரு பார்சல் ஒரு நாள் தாமதமானதற்கு ஒரு ஸ்டார் கொடுத்தவன்.

வெறும் தரையுள்ள அரண்மனை

அம்மாவைப் பார்க்க வந்த அக்கா பிள்ளைகளை அரண்மனைக்குக் கூட்டிப்போனேன். சின்னவன், "மாமா, ராஜா வீட்ல சாமானே இல்லையே" என்றான். எத்தனையோ தடவை பார்த்த இடம், அன்றைக்குத்தான் எனக்கும் அது கண்ணில் பட்டது. பூமுகத்தில் குதிரை விளக்கு. மேலே மரத்தில் செதுக்கின பூக்கள். மந்திரசாலையில் கண்ணாடி மாதிரி கறுப்புத் தரை, மரச்சட்டம் வழியாக வரும் காற்று, வெளிச்சம். மூலிகை மரங்களால் செய்த ஒரு கட்டில். அறைக்கு அறை நிறைந்திருப்பது பொருள் இல்லை, குளிர்ச்சி.

இப்போது அது ஒரு காட்சிக்கூடம், அந்தக் காலத்தில் இன்னும் பொருள் இருந்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். அதனால் ஊட்டுப்புரைக்கு வாருங்கள். ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய நீண்ட மண்டபம். அங்கே பெரிய பெரிய பரணிகள் இருக்கின்றன, ஊறுகாய் வைக்கிற சீனப் பரணி. ஒரு ஆள் உள்ளே ஒளிந்துகொள்ளலாம் போல. சேர்த்து வைப்பதுதான் பாவம் என்றால் இந்தப் பரணியும் பாவம். ஆனால் அது யாருக்காகச் சேர்த்தது என்று அந்த மண்டபமே சொல்கிறது. பந்திக்காகச் சேர்த்தது. என் வீட்டுப் பிரிக்காத 23 பெட்டியில் ஒன்றுகூட எந்தப் பந்திக்கும் போகாது.

கல்குளம் என்ற இந்த ஊருக்குப் பத்மநாபபுரம் என்று பெயர் வைத்தவர் மார்த்தாண்ட வர்மா. 1750 ஜனவரியில் அவர் தன் ராஜ்யம் முழுவதையும் ஸ்ரீபத்மநாபசாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, தன்னைப் 'பத்மநாப தாசன்' என்று அழைத்துக்கொண்டு ஆண்டார். திருப்படித்தானம் என்று அதற்குப் பெயர். அவரை நான் துறவி என்று சொல்லவில்லை. சண்டை போட்டு நிலம் சேர்த்தவர். சாமிக்குக் கொடுத்ததில் அரசியல் கணக்கும் இருந்திருக்கும். இருந்தாலும் அந்தச் செயலுக்குள் ஒரு எண்ணம் இருக்கிறது. கையில் வைத்துக்கொள், ஆனால் "என்னுது" என்று சொல்லாதே. காவல்காரன் மாதிரி வைத்துக்கொள்.

காவல்காரனாக நினைத்துப் பாருங்கள், எல்லாம் மாறும். ஒரு பொருள் என்னுடையது என்றால் அதைப் பிரிக்காமல் போட்டு வைக்கவும் எனக்கு உரிமை உண்டு. நான் காவல்காரன் என்றால், அது பயன்படாமல் கிடக்கும் ஒவ்வொரு நாளும் எனக்குக் கேள்வி உண்டு.

இதை எங்கே இறக்கி வைப்பேன்?

கார்த்திகை கடைசி வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், அன்றைக்குத் தக்கலையிலிருந்து குமாரகோயிலுக்குக் காவடி போகும். போலீஸ் ஸ்டேஷன் சார்பில் ஒரு காவடி, பொதுப்பணித்துறை சார்பில் ஒரு காவடி. திருவிதாங்கூர் ராஜா காலத்திலிருந்து வரும் வழக்கம். வருஷாவருஷம் அம்மாவோடு போவேன். அந்த வருஷம் அம்மா கட்டுப்போட்ட கையோடு வீட்டில். நான் மட்டும் நடந்தேன்.

வேளிமலை அடிவாரத்தில் வள்ளியோடு நிற்கும் குமாரசாமி முன்னால் காவடி இறங்கினதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இறக்கின மனுஷனின் தோளில் சிவப்பாய் ஒரு தடம். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு இடும்பன் ஞாபகம் வந்தான்.

கதை உங்களுக்குத் தெரியும். அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலையையும் காவடியாய்க் கட்டித் தூக்கி வந்தான் இடும்பன். பழனியில் களைப்பாற இறக்கினான். திரும்பத் தூக்கினால் ஒரு மலை அசையவில்லை. மேலே கோவணத்தோடு ஒரு பையன் நின்று "இது என் மலை" என்கிறான். இடும்பன் சண்டைக்குப் போனான், விழுந்தான், பிறகு உயிர் பெற்று அவன் சந்நிதிக்கே காவல்காரன் ஆனான். காவடி எடுக்கிறவர்களுக்கு அருள் வேண்டும் என்று வரமும் கேட்டான்.

மலையையே தூக்கினவன் அவன். பாரம் அவனைத் தோற்கடிக்கவில்லை. "என்னுது" என்று சொன்ன இடத்தில்தான் தோற்றான். கடைசியில் அவனும் காவல்காரனாகத்தான் நிற்கிறான்.

காவடியும் ஒரு சுமைதான். ஆனால் அதற்கு ஒரு நேர்ச்சை உண்டு, விரதம் உண்டு, எங்கே இறக்குவது என்று ஒரு இடம் உண்டு. தூக்கும்போதே இறக்கும் இடம் தெரியும். என் வீட்டுச் சுமைக்கு இறக்கும் இடம் இல்லை. அரங்கிலிருந்து பரணுக்கு, பரணிலிருந்து கட்டிலுக்கு அடியில், அங்கிருந்து படிப்புரைக்கு. நானே நகர்த்தி நகர்த்தி வைத்தேன். கடைசியில் அம்மாவின் கையில் வந்து இறங்கியது.

இப்போது என்ன செய்கிறோம்

உபதேசம் இல்லை. எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, சஷ்டி வரைக்கும் காத்திருப்பது. வாங்கத் தோன்றினால் நோட்டில் எழுதி வைப்பேன். அடுத்த சஷ்டி வளர்பிறையோ தேய்பிறையோ, ஏறக்குறைய பதினைந்து நாளில் வந்துவிடும். அன்றைக்கும் வேண்டும் என்றால் வாங்குவேன். மருந்துக்கு இந்த விதி கிடையாது. எழுதினதில் பாதிக்கு மேல் சஷ்டி அன்று படிக்கும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

இரண்டு, மூன்று கேள்வி. இது யாருடைய ஆசை? யார் சுமக்கிறார்கள்? எங்கே இறக்குவேன்? மூன்றாவதுக்குப் பதில் இல்லாத பொருள் வீட்டுக்குள் வராது.

மூன்று, பெட்டி அன்றைக்கே பிரியும். அட்டையும் கவரும் வாரம் ஒரு தடவை ஆக்கர் கடைக்கு. படிப்புரை விளக்குக்கு மட்டும்.

நாலு, கொடுப்பது நல்லா இருக்கும்போதே. கெட்டுப்போன பிறகு கொடுப்பதற்குப் பெயர் ஈகை இல்லை. வாங்குகிறவருக்கு வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பது. இல்லாவிட்டால் நம் குப்பையை அடுத்த வீட்டுக்கு மாற்றுவதுதான்.

ஐந்து, டெலிவரி தம்பி வந்தால் தண்ணீர். வேண்டாத ஆர்டரை முன்கூட்டியே கேன்சல்.

பத்து வேலில் ஏழை, தினமும் விளக்கேற்றுவோம் என்று சொன்ன வீடுகளுக்குக் கொடுத்தாச்சு. மூன்று இன்னும் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். மரத்தடியில் விடுவதில்லை என்று முடிவு. மசாஜ் மெஷினை அம்மா அடுத்த வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டார். பாட்டிக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. அம்மாவுக்கு நான் ராத்திரி எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். அந்த நேரத்தில் கையெல்லாம் எண்ணெய், போனைத் தொட முடியாது. அதுவே பெரிய பரிகாரம்.

திருந்திவிட்டேன் என்று நினைக்காதீங்க. தை மாசம் சாமான்களை ஒதுங்க வைக்க என்று ஆறு பிளாஸ்டிக் டப்பா ஆர்டர் போட்டேன். ராத்திரி 11 மணிக்கு. நோட்டில் எழுதவும் இல்லை. பெட்டி வந்ததும் அம்மா பார்த்தார். கட்டுப் பிரித்த கையைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"இதுல என்ன மக்கா இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. வெறும் டப்பா."

"சரி. ஒண்ணும் இல்லாததுக்கு இவ்வளவு பெரிய பெட்டியா?"

நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கே பிரித்தேன். இரண்டில் அரிசியும் பயறும் போட்டாச்சு. மீதி நாலு டப்பா வேண்டுகிறவர்கள், எங்கள் பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள். நானே கொண்டுவந்து தருகிறேன். சுமந்து பார்க்கிறேன்.

உங்கள் வீட்டில் பிரிக்காமல் கிடக்கும் பெட்டி எத்தனை? இன்று ராத்திரி ஒருதடவை எண்ணிப் பாருங்கள். முக்கியமாக, அம்மா அப்பா நடக்கும் வழியில்.

முருகா சரணம். வேலும் மயிலும் துணை.